மறைவாக் கிடக்குற தகவலை அழிச்சும் படம் 4.76 எம்பியிலேயே நிக்குது, ஏன்?

மண்டபம் கருவாட்டுக்கடை

அண்ணன்மாருக்கு வணக்கம். அம்மா போடுற கருவாட்டை மண்டபத்துல இருந்து ஒரு சின்ன வெப்சைட் வச்சு வித்துக்கிட்டு இருக்கேன். நெத்திலி, சீலா, காரல், திருக்கைன்னு மொத்தம் 38 படம். ஏப்ரல் 15ல தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசம்தான் கருவாட்டைத் தேடி ஆளு வரும். போன வருசம் வந்தவங்கள்ல பாதிப்பேர் "பக்கம் தொறக்கவே மாட்டேங்குது தம்பி"ன்னு போன் போட்டுச் சொல்லி, போன்லயே வாங்கிட்டாங்க. மீதிப்பேர் வேற கடைக்குப் போயிருப்பாங்க.

போட்டோவுக்குள்ள கேமரா பேரு, தேதி, இடம்னு என்னென்னமோ மறைவாக் கிடக்கு, அதை எடுத்துட்டா சைஸ் பாதியாயிரும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. அதை அழிக்கிற எக்ஸிஃப்டூல்ங்கிற மென்பொருளை இறக்கி, 'எல்லாத்தையும் அழி'ன்னு கட்டளை குடுத்தேன். 4.8 எம்பி நெத்திலிப் படம் 4.76 ஆச்சு. அவ்ளோதான்! சீலாப் படம் ஒருக்களிச்சுப் படுத்துக்கிச்சு. ஆனா காரல் படம் ஒண்ணு மட்டும் 8.1ல இருந்து 4.9க்கு இறங்கிருச்சு. அதே போன், அதே பாய், அதே வெயில். இது என்ன கணக்கு?

கீழக்கரை பழைய ஸ்டூடியோ

தம்பி, கணக்கு சரியாத்தான் இருக்கு. வீடியோவுல சொன்ன ஆளுதான் தப்பு.

கேமரா பேரு, தேதி, இடம் எல்லாம் வெறும் எழுத்து, சேத்தாலும் சில கேபிதான் வரும். அதுல கனமான சரக்குன்னா உள்ள இருக்குற குட்டிப் படம், சட்டுனு காட்டுறதுக்காக வச்சது. ஜேபெக்ங்கிற உங்க பட வடிவத்துல, எக்ஸிஃப்னு சொல்ற இந்த மறைவுத் தகவல் துண்டு ஒண்ணு 64 கேபியைத் தாண்ட முடியாது, ஏன்னா அதோட நீளத்தை எழுத ரெண்டே ரெண்டு பைட்தான் ஒதுக்கியிருக்கு. கருவாட்டு மூட்டையில ஒட்டுன சீட்டைக் கிழிச்சா மூட்டை எடை குறையுமா?

படமே சின்னதா இருந்தா கதை வேற. கல்யாண ஆல்பத்துக்கு அட்டவணைப் பக்கம் செஞ்சப்ப, எடிட் பண்ணி வந்த 150 புள்ளி (பிக்சல்) அகலப் படம் ஒவ்வொண்ணும் 31 கேபி இருந்துச்சு. வழிச்செடுத்துப் பாத்தா படம் 9 கேபிதான். மிச்சம் 22 பூரா எடிட் பண்ண வரலாறும், நிறத்தை எப்படிக் காட்டணும்னு சொல்ற கலர் புரொஃபைலும், குட்டிப் படமும். அப்படி 200 படம். அங்க 4 எம்பிக்கு மேல மிச்சம் பண்ணேன்.

சீலா படுத்துக்கிட்டதுக்குக் காரணம், போனை நிமித்திப் பிடிச்சாலும் சென்சார் அது படுத்த வாக்குலதான் எழுதும். 'காட்டும்போது 90 டிகிரி திருப்பிக்கோ'ன்னு பக்கத்துல ஒரு குறிப்பு வைக்கும், 6ங்கிற நம்பர். அதையும் சேத்து அழிச்சுட்டீங்க. முதல்ல படத்தையே திருப்பிச் சேமிங்க, அப்புறம் அழிங்க.

காரல் படம் மோஷன் போட்டோவா இருக்கும். ஜேபெக் முடியுற இடத்துக்குப் பின்னாடி ஒரு குட்டி வீடியோவை ஒட்டி வச்சிரும். போன 3.2 எம்பி அதுதான். கேமரா செட்டிங்ல அதை அணைச்சு வைங்க.

உங்களுக்கு வேண்டியது படத்தைச் சுருக்குறது. 4000க்கு 3000 படத்தை 1200க்கு 900 ஆக்குனா, 1 கோடியே 20 லட்சம் புள்ளி 10 லட்சத்து 80 ஆயிரமா இறங்கும். தரம் 80ல சேமிங்க. நெத்திலியோட கண்ணு அப்பவும் தெரியும்.

சாயல்குடி மிளகாய்

கீழக்கரை காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். நம்ம முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதும் நானும் ஐபோனைத் தூக்கிக்கிட்டுப் படம் எடுக்க இறங்குனேன். தகவலை ஒட்டுமொத்தமா அழிச்சதுல கலர் புரொஃபைலும் போயிருச்சு. களத்துல ரத்தச் சிவப்பா இருந்த வத்தல், பக்கத்துல ஏத்துனா போன வருசத்துச் சரக்கு மாதிரி வெளுத்துத் தெரிஞ்சுச்சு. ஐபோன் டிஸ்ப்ளே பி3ன்னு ஒரு அகலமான கலர்ல எடுக்கும், அந்தச் சீட்டு இல்லைன்னா பிரவுசர் சாதாக் கலர்னு நினைச்சுக் காட்டிரும். அந்தச் சாதாக் கலரான எஸ்ஆர்ஜிபிக்கு மாத்திட்டு அழிங்க, இல்ல அந்தப் புரொஃபைலை மட்டும் விட்டு வைங்க. கருவாட்டுக்கு இது அவ்வளவு தெரியாதுன்னு நினைக்கிறேன், மிளகாய்க்குப் பொழப்பே சிவப்புதான்.

பாம்பன் வள்ளம்

சைஸை விடுங்கப்பா. நான் வேற காரணத்துக்குச் சொல்றேன், கட்டாயம் அழிங்க.

எங்க மாமா தூண்டிலுக்குப் போற பாரு (கடலுக்குள்ள மீன் கூடுற பாறைத் திட்டு) ஒண்ணு, அவங்க அப்பா காட்டிக் குடுத்தது. கரையில கோயில் கோபுரத்தையும் பனையையும் கணிசம் (அடையாளம்) வச்சுப் போவாரு, யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. ஒருநாள் நல்ல வெளமீன் பாடு. வள்ளத்துலயே போட்டோ எடுத்தாரு. அவர் மகன் அதைத் தெளிவா இருக்கணும்னு வாட்ஸப் குரூப்புல டாக்குமெண்டா அனுப்பிட்டான். சாதாரணப் படமா அனுப்புனா இடக்குறிப்பு கழண்டுரும், டாக்குமெண்டா அனுப்புனா அப்படியே போகும்னு அவனுக்குத் தெரியாது. எவனோ விவரத்தைத் தொட்டு மேப்பைத் தொறந்துட்டான். மூணாம் நாள் விடிகாலை பாருமேல நாலு வள்ளம்!

தம்பி, உங்க கருவாடு காயுறது வீட்டு வாசல்லதானே? அந்த 38 படத்துலயும் உங்க வாசல் இருக்கு, பாத்துக்கங்க.

மண்டபம் கருவாட்டுக்கடை

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி உக்காந்து முடிச்சேன். திருப்பி, சுருக்கி, அதுக்கப்புறம் அழிச்சேன். 38 படமும் சேந்து 180 எம்பி சொச்சம் இருந்தது இப்ப 7 எம்பி. அக்கா பக்கத்து வீட்டுப் பழைய போன்ல தொறந்து பாத்துச்சு, தொறக்குது. இடக்குறிப்பு உண்மையிலேயே எங்க வாசல்ல வந்து நின்னுச்சு, பகீர்னு ஆயிருச்சு.

காரல் படத்தோட மூலத்தைப் போன்ல ஓட்டிப் பாத்தேன். காக்கா சொன்னது சரி, உள்ள வீடியோ இருந்துச்சு. அம்மா கம்பை எடுத்துக்கிட்டு காக்கா விரட்டுது. (உங்களைச் சொல்லலை காக்கா!)

பாம்பன் அண்ணே, மாமா பாருக்கு இன்னும் ஆளு வருதா?

பாம்பன் வள்ளம்

வருது. இந்தப் பேச்சைப் படிச்சுக் காட்டுனேன். படத்துல இருந்து அழிக்கிற மாதிரி, அந்த நாலு பய மண்டையில இருந்தும் அழிக்க முடியுமான்னு கேக்குறாரு.