எதுவும் மாறாதபோதும் பில்டு முழுசாக ஓடுகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் (வந்த பதில்கள் மூன்று)

பில்டு (சோர்ஸ் கோடிலிருந்து புரோகிராமை உருவாக்கும் வேலை) முடிந்ததும் எதையும் தொடாமல் உடனே மறுபடி ஓட்டிப் பாருங்கள். "செய்ய ஒன்றுமில்லை" என்று வந்து நிற்க வேண்டும். எங்கள் சி++ ப்ராஜெக்ட்டில் அது வந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் பாதிக்கு மேல் ஃபைல்கள் மறுபடி கம்பைல் ஆகும். மெஷின் போதவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பில்டை நடத்தும் மேக் கருவியிடமே கேட்டுவிடலாம் என்று ட்ரேஸ் ஆப்ஷன் போட்டு ஓட்டினேன் (குனு மேக் 4.0 முதல் இருக்கிறது, பலர் கண்டுகொள்வதில்லை). எது எதனால் மறுபடி உருவாகிறது என்று வரிவரியாக வந்தது. எல்லா வரியிலும் ஒரே பெயர்: வெர்ஷன் ஹெடர், அதாவது வெர்ஷனைச் சொல்லும், மற்ற ஃபைல்கள் உள்ளே சேர்த்துக்கொள்ளும் ஃபைல்.

பில்டு ஸ்கிரிப்ட் முதல் வேலையாக கிட் கமிட் ஹேஷை (கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட், ஒவ்வொரு சேமிப்புக்கும் தரும் அடையாளக் குறி) அந்த ஹெடரில் எழுதும். ஹேஷ் அதேதான், ஆனாலும் ஃபைல் புதிதாக எழுதப்படும். ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று மேக் பார்ப்பதில்லை, திருத்திய நேரத்தைத்தான் பார்க்கும். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய காலம் தொட்டு அதன் கணக்கு அதுதான்.

சரிசெய்ய மூன்றே வரி போதுமாக இருந்தது. தற்காலிக ஃபைலில் எழுது, பழையதோடு ஒப்பிடு, வித்தியாசம் இருந்தால் மட்டும் இடம் மாற்று. அப்புறம் இன்னொன்றும் செய்தோம், பெரிய பலன் அதில்தான். கமிட் செய்தால் ஹேஷ் எப்படியும் மாறும் அல்லவா? அதனால் அந்த ஹெடரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு சிபிபி ஃபைலில் மட்டும் சேர்த்தோம். மற்ற ஃபைல்கள் அதிலுள்ள ஃபங்ஷனைக் கூப்பிட்டு வெர்ஷனை வாங்கிக்கொள்கின்றன.

*

எங்களுக்குத் தொல்லை சிஐ சர்வரில் (கோடு மாறும்போது தானாக பில்டு ஓட்டும் சர்வர்). பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை (முன்பே கம்பைல் ஆனவை) கேஷிலிருந்து, அதாவது சேமித்து வைத்த இடத்திலிருந்து, எடுத்து வைத்தும் எல்லாம் முதலிலிருந்து ஓடியது. திருத்திய நேரத்தை கிட் சேமிப்பதில்லை. புதிதாக க்ளோன் செய்தால் (முழுக் கோடையும் நகலெடுத்தால்) எல்லா ஃபைலுக்கும் க்ளோன் செய்த நேரம்தான். மேக் கண்ணுக்கு சோர்ஸ் எல்லாமே புதுசு. நேரத்தை விட்டு, உள்ளடக்கத்தின் ஹேஷை வைத்துப் பழைய கம்பைல் முடிவைத் தேடும் சிகேஷ் கருவிக்கு மாறியதும் பில்டு சட்டென்று முடிய ஆரம்பித்தது. கோடில் டைம் மேக்ரோ (கம்பைல் ஆகும் நேரத்தை உள்ளே போடும் குறிச்சொல்) இருந்த ஃபைல்கள் மட்டும் கேஷில் கிடைக்கவே இல்லை. அந்த மேக்ரோவையே நீக்கிவிட்டோம்.

*

அவுட்புட் ஃபோல்டரையும் கவனியுங்கள். எங்கள் மேக்ஃபைலில் (மேக்குக்கான விதிகள் உள்ள ஃபைல்) அதைச் சாதாரண சார்பாக, அதாவது அது மாறினால் மறுபடி உருவாக்கச் சொல்லும் ஒன்றாக, எழுதியிருந்தார்கள். உள்ளே புதிதாக ஒரு ஃபைல் வந்தாலே ஃபோல்டரின் நேரம் மாறிவிடும், உடனே முன்பு உருவான ஆப்ஜெக்ட்கள் பழையதாகிவிடும். விதியில் ஒரு குத்துக்கோடு (|) போட்டு அதன் வலப்பக்கம் ஃபோல்டர் பெயரை நகர்த்தினால் போதும்; அது இருக்கிறதா என்று மட்டும் மேக் பார்க்கும், நேரத்தைப் பார்க்காது.

ஒரு வேண்டுகோள். வேகத்துக்காக ஹெடர் சார்புகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஒரு ஹெடரில் ஸ்ட்ரக்ட் (பல தரவுகளைச் சேர்த்த அமைப்பு) மாறியும் பாதி ஃபைல்கள் பழைய அளவோடு லிங்க் ஆனால், பிழை எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் கிராஷாக வரும். ஜிசிசி கம்பைலரின் எம்எம்டி ஆப்ஷன், எந்த ஃபைல் எந்த ஹெடரைச் சார்ந்தது என்ற பட்டியலைத் தானே எழுதித் தரும். மேக்ஃபைலில் அதை இன்க்ளூட் செய்யுங்கள்.