மேப்பிள் கழுத்தின் பூச்சைச் சுரண்டலாமா?

சாட்ஸ்வர்த் ரிதம்:
திருமண வரவேற்புகளில் வாசிக்கும் குழுவில் இருக்கிறேன். டர்பனில் பிப்ரவரிப் புழுக்கம் வந்துவிட்டால் என் எலெக்ட்ரிக் கிட்டாரின் மேப்பிள் கழுத்து கட்டைவிரலைப் பிடித்து நிறுத்துகிறது. பளபளக்கும் பாலியூரித்தேன் பூச்சு. அதை அடியோடு சுரண்டிவிட்டு எண்ணெய் பூசலாமா?

லெனேசியா தச்சன்:
தாராளமாகச் சுரண்டுங்கள், தம்பி. மரம் கையில் படும் சுகம் எந்தப் பூச்சிலும் கிடையாது. ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் பூச்சே இல்லாத மேப்பிள் கழுத்தைத்தான் விரும்பினார். கிட்டார் செய்யும் மியூசிக் மேன் நிறுவனம் தன் கழுத்துகள் பலவற்றுக்குத் துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெயையும் மெழுகையும் பயன்படுத்துகிறது. 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 320, 400 என்று போங்கள். பிறகு ஈரத்துணியால் ஒரு முறை துடையுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்ததும் அவற்றை 400-ஆல் மெல்ல வெட்டிவிடுங்கள். பலரும் இந்தப் படியை விட்டுவிடுவதால்தான் முதல் வியர்வையிலேயே கழுத்து சொரசொரக்கிறது. அதன்பின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத் தேய்த்து, இரவு முழுக்கக் காயவிட்டு, 0000 எஃகுப் பஞ்சால் தடவி, அடுத்த கை பூசுங்கள்.

டோங்காட் பாஸ்:
அண்ணா, உங்கள் கைப்பக்குவத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் இருப்பது ஜோகன்னஸ்பர்க் மேட்டுநிலம். தம்பி இருப்பது கடற்கரை. இங்கே கோடை முழுவதும் காற்றே ஈரம். அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள வன விளைபொருள் ஆய்வகம் பூச்சுகளைச் சோதித்திருக்கிறது. ஆளிவிதை எண்ணெயை மூன்று கை பூசிய மரம்கூட இரண்டு வாரத்தில் வெறும் மரத்தைப் போலவே ஈரத்தை உறிஞ்சியது. மேப்பிள் ஈரத்துக்கு நன்றாகவே வீங்கிச் சுருங்கும் மரம். அழுக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பிகளுக்கு அடியிலுள்ள பழைய மேப்பிள் விரற்பலகைகளில் லாக்கர் பூச்சு தேய்ந்த இடமெல்லாம் வியர்வை ஏறிக் கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று, தம்பியின் தொல்லை மரத்தாலோ பூச்சாலோ வருவதன்று; பளபளப்பால் வருவது. கண்ணாடி போன்ற பரப்பில் ஈரமான தோல் முழுவதுமாக ஒட்டிக்கொள்கிறது. நுண்ணிய கீறல்கள் விழுந்தால் தோல் படும் இடம் குறைகிறது, கை நழுவுகிறது. பூச்சை எடுக்கவே வேண்டாம், மங்கலாக்கினால் போதும். விரற்பலகைப் பக்கம் தொடவே வேண்டாம்; அங்கே விரல் அழுத்துவது கம்பியையும், குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டையும்தான்.

லெனேசியா தச்சன்:
நீங்கள் சொல்லும் சோதனை வெறும் ஆளிவிதை எண்ணெய்க்கு. துப்பாக்கிக் கட்டை எண்ணெயில் பிசினும் கலந்திருக்கிறது; கை கையாகப் பூசினால் மெல்லிய படலமே உருவாகும். வேட்டைக்காரன் மழையிலும் பனியிலும் தூக்கித் திரியும் கட்டைக்கு ஆகும் பொருள் கிட்டாருக்கு ஆகாதா? மேட்டுநிலக் காற்றை லேசாக எண்ணாதீர்கள். எங்கள் ஜூலை மாத வறட்சியில் உதடு வெடிக்கும். அப்போதும் என் கிட்டார் கழுத்துக்கு, உள்ளே ஓடி வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டை லேசாகத் திருப்புவதோடு வேலை முடிகிறது. மங்கலாக்கிய பூச்சோ கை பட்டுப் பட்டு மறுபடி பளபளப்பாகும்.

டோங்காட் பாஸ்:
ஆகும். அப்போது மறுபடி தேய்த்தால் சில நிமிட வேலை. சுரண்டிய பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? கழுத்தின் அடிப்பகுதியிலும் சுரண்டிவிட்டால் கிட்டாரின் உடலில் அது பொருந்தும் குழியில் ஆடும். பலருடைய உத்தரவாதமும் அத்தோடு போய்விடும்.

பீனிக்ஸ் பழுதுபார்ப்பு:
இருவரும் சொல்லாத ஒன்று. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். ஒற்றையாக விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள். எஃகுப் பஞ்சைத் தொடுமுன் கழுத்தைக் கழற்றிவிடுங்கள். உதிரும் துகள், கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பின் காந்தத்தில் ஏறினால் முழுவதும் எடுப்பது பெரும்பாடு.

சாட்ஸ்வர்த் ரிதம்:
முதலில் மங்கலாக்கியே பார்க்கிறேன், பாஸ் அண்ணா. எப்படித் தொடங்குவது? தலைப்பகுதியில் நிறுவனப் பெயர் ஒட்டியிருக்கிறது.

டோங்காட் பாஸ்:
தலைப்பகுதி, அடிப்பகுதி, விரற்பலகை ஓரம் மூன்றையும் நாடா ஒட்டி மறையுங்கள். சாம்பல் நிற நைலான் தேய்ப்பானால் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் நகரும் ஒவ்வொரு முறையும் கீறல் கையில் தட்டும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பளபளப்புத் திட்டு எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம். தூசிக்கு முகமூடி கட்டாயம்.

லெனேசியா தச்சன்:
செய்து பாருங்கள், தம்பி. அடுத்த கோடையிலும் கழுத்து கட்டைவிரலைப் பிடித்து நிறுத்தினால் என்னைக் கேளுங்கள், எண்ணெய் பூசும் முறையைப் படிப்படியாக எழுதித் தருகிறேன். வெறும் மரத்துக்கு ஈடாக எதுவும் வராது என்பதில் எனக்கு மாற்றமில்லை.