மறுமொழி: விமானந்தாங்கி நீர்மூழ்கி என்பது சரியா?

> 'தாங்கி' ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். பின்னால் 'நீர்மூழ்கி' சேர்த்தால் போதாதா?

விமானத்தை உள்ளே வைத்துக் கொண்டுபோகும் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே நம் பேச்சு? அதற்கு இது போதாது ஐயா. விமானந்தாங்கி என்றதும் கண்ணில் வருவது அகலமான மேல்தளம், அதில் ஓடி எழும்பி அதிலேயே வந்து இறங்கும் விமானங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய நீர்மூழ்கியான ஐ-400 எதையும் அப்படித் தாங்கவில்லை, உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது. 122 மீட்டர் நீளக் கப்பல், அதன் முதுகில் சுமார் மூன்றரை மீட்டர் விட்டத்தில் நீர் புகாத ஓர் உருளை, அதற்குள் மூன்று செய்ரான் விமானங்கள். 12 மீட்டர் இறக்கை அந்தக் குழாய்க்குள் எப்படி நுழையும் என்றால், இறக்கையைத் திருப்பி உடலோடு ஒட்டப் பின்னால் மடக்கிவிடுவார்கள், வாலின் நுனிகளும் மடங்கும். கிளம்பும்போது கதவைத் திறந்து, வெளியே இழுத்து, விரித்து, கவண்பொறியால் எறிவார்கள். திரும்பி வந்தால் கடலில்தான் இறங்க வேண்டும், பாரந்தூக்கி எடுத்து உள்ளே வைக்கும்.

ஜப்பானியர் விமானந்தாங்கியையே 'கூபோ' என்பார்கள், அதில் 'போ' என்றால் தாய். அதைப் பார்த்துத்தான் போன மடலில் 'சூல்நீர்மூழ்கி' (சூல் என்றால் கரு) என்ற பெயர் வந்தது என்று நினைக்கிறேன். கேட்க அழகுதான். ஆனால் பெற்ற பிள்ளையைத் திரும்ப வயிற்றுக்குள் வைப்பது எந்த ஊரிலும் நடப்பதில்லையே!

என் பரிந்துரை: அந்த உருளைக்கு 'விமானப்பேழை', கப்பலுக்குப் 'பேழை நீர்மூழ்கி'. இவற்றின் கதையெல்லாம் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் நடக்கிறது. இதே மாதிரி விமானம் வைத்திருந்த பிரிட்டனின் எம்-2 நீர்மூழ்கி 1932 ஜனவரியில் 60 பேரோடு மூழ்கியது. கடலடியில் கண்டுபிடித்தபோது பேழைக் கதவு திறந்து கிடந்தது, விமானம் உள்ளேயே இருந்தது. மேலே வந்து முடிப்பதற்குள் அவசரப்பட்டுத் திறந்துவிட்டார்கள் என்றே கருதுகிறார்கள். ஐ-400 சண்டையில் மூழ்கவில்லை. சரணடைந்த கப்பலை அமெரிக்கர்கள் ஹவாய்க்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள், அப்புறம் சோவியத் ஆட்கள் பார்க்கக் கேட்டதும் 1946 ஜூனில் ஓவாஹு தீவுக்கு அப்பால் டார்பிடோ விட்டு மூழ்கடித்தார்கள். 2013-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டார்கள், பேழையைக் காணவில்லை! அது தனியாகக் கிடந்தது 2015-இல்தான் கிடைத்தது. 'தாங்கி' என்று எழுதினால் இந்தச் செய்தியை எப்படிச் சொல்வீர்கள்? தாங்கியிலிருந்து எது கழன்றது?

பேழை என்றால் சவப்பேழை நினைவு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நகைப்பேழையும் இருக்கிறதே. இன்னொரு வசதியும் உண்டு: 1958-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த கிரேபேக் நீர்மூழ்கியின் முன்பகுதியில் ரெகுலஸ் ஏவுகணைகளை இதே மாதிரி அடைத்து வைத்தார்கள். அதற்கு 'ஏவுகணைப்பேழை' என்றால் தீர்ந்தது, புதிதாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கதவு மட்டும்தான் பாக்கி. பேழை என்றால் மூடிதானே பொருத்தம் என்பீர்கள். எனக்கென்னவோ 'மூடி' சம்படத்து மூடி மாதிரி இருக்கிறது, கதவென்றே விட்டுவிடலாம்.