பெரியம்மா இடுப்பு ஆபரேஷன்: டூயல் மொபிலிட்டி பத்தி

ரேவதி: செந்தில் அண்ணா, அம்மாவுக்கு தொடை எலும்புக் கழுத்து முறிஞ்சதுக்கு முழு மூட்டும் மாத்தணுமாம். டூயல் மொபிலிட்டி கப் போடலாம்னு டாக்டர் சொல்றார். அது என்ன?

செந்தில்: சாதாரண செயற்கை மூட்டுல, இடுப்பெலும்புக் குழியில பதிக்கிற கப்புக்குள்ள லைனர்ங்கிற உள்ளுறை அசையாம இருக்கும், தொடைப் பக்கத்துப் பந்து மட்டும் சுழலும். இதுல லைனரும் சுழலும். 22 இல்ல 28 மி.மீ. பந்தை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் லைனருக்குள்ள அழுத்திப் பூட்டிடுவோம். அந்த லைனர் மெருகேத்தின உலோகக் கப்புக்குள்ள தனியா சுழலும்.

செந்தில்: நடக்கும்போது பெரும்பாலும் உள்பந்துதான் அசையும். ரொம்பக் குனிஞ்சா ஸ்டெம்மோட (தொடை எலும்புக்குள்ள இறக்குற தண்டு) கழுத்து லைனர் விளிம்புல முட்டும். சாதாரண மூட்டுல அந்த முட்டல்தான் பந்தை நெம்பி வெளிய தள்ளும். இதுல லைனரே நகர்ந்து வழிவிட்டுடும். லைனரோட வெளி அளவுதான் பந்தோட அளவு மாதிரி வேலை செய்யுது, அதனால கப்பை விட்டு நழுவ அது ரொம்ப தூரம் ஏறியாகணும். 1970கள்ல பிரான்ஸ்ல ழில் பூஸ்கேங்கிற எலும்பு சர்ஜன் கொண்டுவந்தது.

ரேவதி: அப்போ எல்லாருக்கும் இதையே போடலாமே?

செந்தில்: எல்லாருக்கும் தேவையில்லம்மா. தொடை எலும்புக் கழுத்து முறிவு, பார்க்கின்சன், மறதி நோய், இடுப்புப் பக்கத் தசை பலவீனம், ஏற்கனவே நழுவின மூட்டு, இவங்களுக்குத்தான் முக்கியமா. பெரியம்மாவுக்கு கீழ்முதுகுல ஸ்க்ரூ இருக்கே, அதையும் டாக்டர்கிட்ட சொல்லு. உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால சாயணும், அப்பதான் கப்போட வாய் முன்பக்கம் திறந்து தொடைக்கு இடம் கிடைக்கும். முதுகு இறுகிட்டா அது சாயாது. முன்னால முட்டி, பந்து பின்னால நழுவும்.

பாபு (தியேட்டர் டெக்னீஷியன்): பந்தை லைனருக்குள்ள பூட்டுறதுல கவனம் வேணும். பிரஸ்ல அழுத்தினதும் லைனரைக் கையால சுத்திப் பார்ப்போம். தாராளமா சுழலணும், இழுத்தா கழண்டு வரக்கூடாது. ஸ்டெம்மோட கூம்பு முனையை ரத்தம், கொழுப்பு இல்லாம துடைச்சு, உலர்ந்த பிறகுதான் பந்தை மாட்டணும். காலர் வெச்ச நீளப் பந்து வேண்டாம், அது லைனர் விளிம்பைத் தேய்ச்சிடும்.

பாபு: டைட்டானியம் கப்புக்குள்ள கோபால்ட்-குரோமியம் உறை பொருத்துற மாடல்ல, உறை சாய்ஞ்சு உட்காரலாம். சுத்திலும் விளிம்பு சமமா இருக்கான்னு பார்த்தே ஆகணும். இல்லன்னா ரெண்டு உலோகமும் உரசி அரிக்கும்.

செந்தில்: அது ரொம்ப முக்கியம் பாபு. இன்னொண்ணு, கப்பைக் கோணலா வெச்சா இதுவும் காப்பாத்தாது. சரிவு 40 டிகிரி சுமாருக்கு இருக்கணும்.

மீனா (பிசியோ): ரேவதி, சுத்தியுள்ள சதை ஆற 6 முதல் 12 வாரம் ஆகும். பின்பக்கமா திறந்து பண்ணினா அதுவரை தாழ்வான நாற்காலி, கால் மேல கால், காலை உள்பக்கம் திருப்புறது எதுவும் வேண்டாம். டாய்லெட் சீட்டை உயர்த்திடு.

ரேவதி: சரிக்கா. அப்படியும் நழுவினா?

செந்தில்: திடீர்னு கடும் வலி, கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பியிருக்கும், ஊன்ற முடியாது. வீட்ல யாரும் காலை இழுக்கவே கூடாது. மயக்க மருந்து கொடுத்து தசை முழுசா தளர்ந்த பிறகுதான் சேர்க்கணும். பலவந்தமா இழுத்தா லைனர் விளிம்பு கப் ஓரத்துல மாட்டி, பாட்டில் மூடி திறக்கிற மாதிரி பந்து லைனரை விட்டுக் கழண்டுடும். வெறும் பந்து மட்டும் கப்புக்குள்ள போய், பார்க்க சேர்ந்த மாதிரியே தெரியும். எக்ஸ்-ரேல பந்து கப்போட நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஒட்டியிருந்தா அதான் அர்த்தம். அப்புறம் திறந்துதான் சரிபண்ணணும்.

பாபு: இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர் ஒட்டின அட்டையைக் கேட்டு வாங்கிக்கோ. பந்து, லைனர், கப் எல்லாத்தோட அளவும் அதுல இருக்கும். போட்டோ எடுத்து இந்த குரூப்லயும் போட்டுடு.

ரேவதி: போடறேன் அண்ணா. முதுகு ஸ்க்ரூ எக்ஸ்-ரேயும் நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்.