அறுபத்துமூவருக்கு நீர்மோர் பந்தல், டம்ளர் எங்க வாடகைக்கு கிடைக்கும்?

மயிலாப்பூர் மாட வீதிக்காரங்க எல்லாருக்கும் வணக்கம், ஒரு ஹெல்ப் வேணும். பங்குனித் திருவிழால அறுபத்துமூவர் (63 நாயன்மார் ஊர்வலம்) அன்னிக்கு எங்க தெரு முனைல நீர்மோர் பந்தல் போடலாம்னு நாலஞ்சு வீட்டுக்காரங்க சேர்ந்து முடிவு பண்ணிருக்கோம். தயிர், இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் ஆளாளுக்கு பிரிச்சாச்சு, ஒரு மாமி மோர்மிளகாயும் வறுத்து தரேன்னுட்டாங்க (அது எதுக்குன்னு கேக்க யாருக்கும் தைரியம் வரல).

பிரச்சனையே டம்ளர்தான். 2019லேருந்து பிளாஸ்டிக் கப்புக்கு தடை, பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் அதே லிஸ்ட்லதான் வருது, ஆனா கடைல கேட்டா அதத்தான் எடுத்து நீட்றாங்க. போன தடவ ஊர்வலம் போனப்புறம் ரோடு பூரா நசுங்கின கப்பு, வெறுங்கால்ல வந்தவங்க பாவம்.

எவர்சில்வர் டம்ளர் ஒரு 300 வாடகைக்கு குடுக்கற பாத்திரக்கடை பக்கத்துல யாருக்காவது தெரியுமா? அன்னிக்கு கூட்டத்துல தண்ணி லாரி உள்ள வரவே வராது, முதல் நாளே புடிச்சு வெக்கணும், அதனால பெரிய டிரம் இருக்கறவங்களும் சொல்லுங்க. மதியம் 2 மணிலேருந்து டம்ளர் கழுவ பசங்க நாலு பேர் கெடச்சா போதும், மோர் ஃப்ரீ! சூப்பர்னு மட்டும் போட்டுட்டு போகாம, வர முடியறவங்க பேர் போடுங்கப்பா ப்ளீஸ்.