பொருள்: குலுக்காத குதிரைக்குத் தமிழில் என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிறுவர் கலைக்களஞ்சியம் ஒன்றுக்குக் கட்டுரை மொழிபெயர்க்கிறேன், வெள்ளி காலை கொடுத்தாக வேண்டும். காட்டுவழி, மலைவழிச் சவாரிக்கு ஏற்ற குதிரை இனங்கள் எங்கே தோன்றின என்பது பொருள். டென்னசி வாக்கிங், மிசௌரி ஃபாக்ஸ் ட்ராட்டர், பாசோ ஃபினோ, ஐஸ்லாந்துக் குதிரை, இந்தக் கூட்டத்துக்கெல்லாம் ஆங்கிலத்தில் ‘கெய்ட்டட்’ என்று ஒரே பெயர். ‘நடையுள்ள குதிரை’ என்று எழுதினேன். அப்போ நடை இல்லாதது நொண்டிக் குதிரையா என்று என் மகள் கேட்கிறாள்.

விஷயம் இதுதான். சாதாரணக் குதிரை தொங்கோட்டம் போகும்போது ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலும் ஒன்றாக விழும், அப்புறம் மற்ற இரண்டும். நடுவில் உடம்பு ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும், மேலே இருப்பவருக்கு இடுப்பு கழன்றுவிடும். இந்த இனங்கள் ஏறக்குறைய அதே வேகத்தில் கால்களைத் தனித்தனியாக ஊன்றுகின்றன, சேணம் அதிகம் ஆடுவதில்லை. ஒரு சொல் தாருங்கள்.

புலவர் எழுதியது:

சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது தங்கச்சி. பட்டினப்பாலையில் ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ படித்திருப்பீர்கள். அங்கே குதிரைக்குப் பெயர் புரவி. பரி என்பது அதன் செலவு, அதாவது ஓட்டம். ஓட்டத்தின் பெயர் பிறகு ஓடுகிற விலங்குக்கே ஆகிவந்தது, தொழிலாகுபெயர். ஆகவே பழைய பொருளை மீட்டெடுத்து ‘மென்பரிப் புரவி’ என்க. பரிதி என்ற சொல்லும் வானில் ஓடுவதால் வந்ததா என்று எனக்கு நெடுநாள் ஐயம், அதைத் தனி மடலில் விரிப்பேன்.

ம. எழுதியது:

ஐயா, தனி மடலிலேயே இருக்கட்டும். மென்பரி என்றால் பிள்ளைகள் மென்பொருளின் தம்பி என்று நினைப்பார்கள்.

கால்நடை மருத்துவராக ஒன்று சொல்கிறேன். ‘மென்’ என்பது சவாரி செய்பவரின் அனுபவம், இனத்தின் இயல்பு கால்வைப்பில் இருக்கிறது. 2012இல் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள், இந்த நடைகளோடு அதற்கு நெருங்கிய தொடர்பு. ஆனால் வண்டிப் பந்தயத்தில் வேகமாகத் தொங்கோட்டம் ஓடுகிற இனங்களிலும் அதே மாற்றம் நிறைய உண்டு, அவை மெத்தென்று போகிறவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2016இல் பழைய எலும்புகளை வைத்துச் செய்த ஆய்வு இந்த மாற்றத்தின் தொடக்கத்தை 9ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பக்கம் வைக்கிறது. அங்கிருந்து வைக்கிங்குகள் ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்கிறார்கள்.

இன்னொன்று, காட்டுவழிக் குதிரை எல்லாமே இந்த வகை என்று எழுதிவிடாதீர்கள். கலிபோர்னியாவில் 1955 முதல் ஒரே நாளில் 100 மைல் போகிற டெவிஸ் கோப்பைப் போட்டியில் பேர் வாங்கியது அரபுக் குதிரை, அது தொங்கோட்டம்தான் போகும்.

கு. எழுதியது:

மிருதங்கக்காரன் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். தொங்கோட்டம் ‘தக தக’. டென்னசிக் குதிரையின் ஓட்டநடை சம இடைவெளியில் ‘தகதிமி’. ஃபாக்ஸ் ட்ராட்டரில் இணைக்கால்கள் ஒன்றாக விழாமல் முன்னங்கால் ஒரு மயிரிழை முந்தும், இரட்டைத் தட்டு கொஞ்சம் உடைந்து கேட்கும். காணொளியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ‘நாலடிநடை’ எப்படி?

ம.:

நாலடியாருக்கு உரை எழுதுகிற மாதிரி இருக்கிறது. தவிர, எல்லாக் குதிரையும் மெதுவாக நடக்கும்போது நாலடிதான்.

இரா. எழுதியது:

மூன்று நாளாக எல்லாரும் காலையே பார்க்கிறீர்கள், கொஞ்சம் சாலையைப் பாருங்கள். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் நாரகான்செட் பேசர் என்று ஓர் இனம் இருந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் மேற்கிந்தியத் தீவுகளுக்கு வாங்கிக் குவித்தார்கள். சாலை சீராகி வண்டி வந்ததும் மதிப்பு போனது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இனமே அற்றுப்போனது. அதன் இரத்தம் தங்கியது வண்டி போக முடியாத இடங்களில்தான். கென்டக்கி, டென்னசி ஆட்கள் மிசௌரியின் ஓசார்க் மலைக்குக் கொண்டுபோன குதிரைகளின் வழியில் ஃபாக்ஸ் ட்ராட்டர் உருவாகி, 1948இல் ஏவா ஊரில் சங்கம் வைத்தார்கள். கென்டக்கியில் 1886இல் பிறந்த பிளாக் ஆலன் என்ற ஆண்குதிரையின் கதை இன்னும் வேடிக்கை: தொங்கோட்டப் பந்தயத்துக்கு என்று வளர்த்தார்கள், அது ஒருபக்கக் கால்களைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு போனது, உதவாக்கரை என்று கைமாறிக்கொண்டே இருந்தது. 1935இல் டென்னசியின் லூயிஸ்பர்க்கில் டென்னசி வாக்கிங் குதிரைக்குச் சங்கம் தொடங்கியபோது இனத்தின் முதல் தகப்பன் என்று அதைத்தான் பதிந்தார்கள்.

சாலை இல்லாத ஊரில் நாள் முழுக்க மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன வேண்டுமோ அதுவே இந்த இனங்களைத் தேர்ந்தெடுத்தது. அதனால் பெயரும் அவன் வாயிலிருந்து வரட்டும். நல்ல வில்வண்டியில் போய் வந்தால் எங்கள் ஊரில் ‘அலுங்காமக் குலுங்காமக் கொண்டுவந்து விட்டான்’ என்பார்கள். ‘அலுங்காநடைக் குதிரை’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்துக்கும் குறையில்லை.

கு.:

என் ஓட்டு இதற்கு. தகதிமியை வாபஸ் வாங்குகிறேன்.

ம.:

அறிவியல்படி குறை உண்டு, முன்பே சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்குப் புரியும், போடுங்கள்.

செ.:

‘அலுங்காநடைக் குதிரை’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஐஸ்லாந்தின் ‘டோல்ட்’ நடையை மட்டும் அப்படியே விட்டேன். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வெளிக்குதிரையை உள்ளே விடாத தீவு அது, சொல்லையும் தொட மனம் வரவில்லை. எல்லாருக்கும் நன்றி.

புலவர்:

அவசரம் உங்களுடையது, ஆகட்டும். ஆயினும் பதிவுக்காக: அலுங்கு என்றால் எறும்புத்தின்னி. அச்சில் ஒரே ஓர் எழுத்து பிசகி ‘அலுங்குநடை’ ஆனால் என்னவாகும் என்பதை அவையோர் நினைத்துப் பார்க்கவும். மென்பரியில் அந்த ஆபத்து கிடையாது. பரிதி பற்றிய மடல் நாளை.