காற்றுக்கு நடுவில் என்ன இருக்கிறது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

அறிவியல் டீச்சர்:
ஒன்பதாம் வகுப்பு. அதே சிரிஞ்சு சோதனைதான். நுனியை விரலால் அடைத்து அழுத்தினால் காற்று பாதியாகச் சுருங்கும், தண்ணீர் அசையாது. வாயுவில் துகள்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, அதனால்தான் அடர்த்தி குறைவு என்றேன். கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான்: "மிஸ், அந்த இடைவெளிக்குள்ள காத்து இருக்குமா?" ஒன்றுமே இருக்காது என்றேன். அடைத்த விரலை எடுக்காமலே சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். நம்பவில்லை. மூன்று வருடமாக உறுத்துகிறது.

பட்டறைக்காரர்:
எங்கள் வெல்டிங் பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பி, காலி ஆக்சிஜன் சிலிண்டரும் நிறைந்ததும் ஒரே கனம்தான் என்று சாதித்தான். பக்கத்து இரும்புக்கடைத் தராசில் ஏற்றினோம். 7 கனமீட்டர் சிலிண்டர், வித்தியாசம் சுமார் 9 கிலோ. "இவ்வளவு நாள் காத்தையாண்ணே தூக்கினேன்?" என்றான். அந்த முகம் மறக்கவில்லை.

அடுக்களை அக்கா:
டீச்சர், அடர்த்தி குறைவு என்பதோடு நிறுத்தாதீர்கள். நான் அப்படிப் படித்துத்தான் வாயு என்றாலே மேலே போய்விடும் என்று நம்பினேன். ஒரு ராத்திரி சிலிண்டர் வாஷர் கசிந்தது. மேல் ஜன்னலைத் திறந்தேன், வாடை போய்விட்டது. விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தால், முழங்காலுக்குக் கீழே நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. சமையல் எரிவாயு திரவத்திலிருந்து வாயுவானால் சுமார் 250 மடங்கு விரியும். அப்போதும் காற்றைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு கனம். தரையில்தான் தங்கும். அதனால் சொல்கிறேன்: ரெகுலேட்டரை மூடுங்கள். வாசல் கதவையும் திறங்கள், மேல் ஜன்னல் மட்டும் போதாது. சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே போய் 1906க்கு அழையுங்கள். வாஷரை ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் பாருங்கள்.

பாய்லர் ஆபரேட்டர்:
டீச்சர் சொன்னதில் தப்பில்லை அக்கா. எனக்குத் தோன்றுவது வேறு. 1 லிட்டர் தண்ணீர் கொதித்தால் சுமார் 1,700 லிட்டர் நீராவி. துகளின் எடை மாறவில்லை. ஒன்றுக்கொன்று இடையே உள்ள தூரம்தான் ஏறக்குறைய 12 மடங்காகிறது. ஆனால் பையனின் சந்தேகம் அதுவாக இருக்காது. நடுவில் ஒன்றுமில்லை என்றால் விரலை எது தள்ளுகிறது? காற்றுத் துகள்கள் சும்மா நிற்பதில்லை, வினாடிக்கு 450 மீட்டருக்கும் மேல் பறந்து மோதிக்கொண்டே இருக்கின்றன. அந்த மோதல்தான் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சொன்னீர்களா?

அறிவியல் டீச்சர்:
சொல்லவில்லை. அவன் விரலை எடுக்காமல் வைத்திருந்தது அதற்குத்தான் போல.